வந்தாறுமூலைக் கம்பஸை எத்தனையாவதாகப் போடலாம்?

ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) முடிவு வந்து, யூஜிசிக்கு (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) அனுமதி விண்ணப்பம் நிரப்பும்போது, கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் என்று வரிசையாகப் போட்டுவிட்டு, கடைசியில் "சரி, இதுவும் கிடக்கட்டும்" என்று மட்டக்களப்பு வந்தாறுமூலையில் இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ப்பவர்கள்தான் அதிகம், மட்டக்களப்புப் பிள்ளைகளே அப்படித்தான் செய்கிறார்கள். அங்கே படித்தவன் என்பதால் எனக்குப் பக்கச்சார்பு கொஞ்சம் இருக்கும். இருந்தாலும் சொல்கிறேன், கம்பஸ் பெயரைப் பார்க்காதீர்கள், பீடத்தைப் பாருங்கள்.

விவசாயம் என்றால் யோசிக்காமல் மேலே போடலாம். 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய காலத்திலிருந்தே இருக்கிற பீடம் அது (முழுப் பல்கலைக்கழகமானது 1986இல்). சுற்றியிருப்பது தண்ணீரும் நிற்காத, உரமும் தங்காத மணல் மண். அதனால் ஆராய்ச்சியும் அதைச் சுற்றியே போகிறது: எந்தப் பசளை போட்டால் மண்ணில் ஈரம் தங்கும், எத்தனை நாளுக்கு ஒருமுறை நீர் பாய்ச்சினால் மிளகாயும் நிலக்கடலையும் தாங்கும் என்கிற மாதிரி. பண்ணை வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது, வெயிலில் நிற்கத் தயாராகப் போங்கள். அக்ரிஈஸ்ட் என்ற அவர்களுடைய சஞ்சிகை இணையத்தில் இலவசம், சேர முன்னமே இரண்டு கட்டுரை வாசித்தால் என்ன நடக்கிறது என்று விளங்கும். எங்கட கமக்காரர்களும் அதைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை, ஆனால் எல்லாம் ஆங்கிலத்தில் கிடக்கிறது, யாருக்காக எழுதுகிறார்களோ!

அடுத்தது கல்லடியில் இருக்கிற சுவாமி விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகம். இசை, நடனம், நாடகமும் அரங்கியலும், கட்புலக் கலை எல்லாவற்றுக்கும் பட்டம் உண்டு. வடமோடி, தென்மோடி என்ற இரண்டு பாணிக் கூத்தும் இன்னும் களரியில் (வட்ட ஆடுகளத்தில்) ஆடப்படுகிற ஊர்களுக்கு நடுவில் இருந்துகொண்டு நாடகம் படிப்பது வேறு எங்கே கிடைக்கும்? பேராசிரியர் மௌனகுரு போன்றவர்கள் இந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்துதான் கூத்தைப் புது மேடைக்குக் கொண்டுவந்தார்கள். "பாட்டுப் படித்து என்ன வேலை" என்று வீட்டில் கேட்பார்கள், ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருக்கிற வரிசையைப் பார்த்தால் அந்தக் கேள்வியிலும் நியாயம் இல்லாமலில்லை.

மருத்துவமும் தாதியியலும் டவுன் பக்கம், வார்ட் பயிற்சி மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில். விஞ்ஞானம், வர்த்தக முகாமைத்துவம், கலை, தொழில்நுட்பம் எல்லாம் உண்டு, மற்ற இடங்களில் உள்ளது போலத்தான். சித்த மருத்துவம் வேண்டியவர்கள் கவனம், அது திருகோணமலை வளாகத்தில். "கிழக்குப் பல்கலை கிடைத்துவிட்டது, வீட்டிலிருந்தே போகலாம்" என்று சந்தோசப்பட முன் விண்ணப்பத்தில் போட்ட யூனிகோடை (எந்தப் பாடநெறி, எந்தப் பல்கலைக்கழகம் என்பதைக் குறிக்கும் யூஜிசி குறியீடு) ஒருமுறை சரிபாருங்கள்.

ஆங்கிலம்தான் பெரிய தலையிடி. கலைப்பாடங்களைத் தமிழில் படிக்கலாம், ஆனால் விஞ்ஞானம், விவசாயம், மருத்துவம் எல்லாம் ஆங்கில மூலம். தமிழில் ஏ.எல் எழுதிய பிள்ளைக்கு முதல் வருடம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கும். பெறுபேறு வந்து அனுமதி கிடைக்கும்வரை உள்ள நீண்ட இடைவெளியில் ஆங்கிலத்தைக் கொஞ்சம் தேற்றிக்கொள்ளுங்கள். படிப்புக்குக் காசு கட்டத் தேவையில்லை, தகுதி இருந்தால் மகாபொல புலமைப்பரிசிலும் கிடைக்கும், ஆனால் அந்தக் காசில் மாதம் முழுக்கச் சாப்பிடலாம் என்று கனவு காணாதீர்கள்.

பொறியியல் வேண்டுமென்றால் இங்கே தேட வேண்டாம். கிழக்கில் அந்தப் பீடம் ஒலுவிலில் இருக்கிற தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில்தான்.