நீச்சல் போட்டிக்கு மூன்று பொத்தான் ஸ்டாப்வாட்ச்: வாங்கலாமா?

பெங்களூரு விளையாட்டுக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மூன்று பொத்தான் ஸ்டாப்வாட்ச், பிள்ளைகளின் போட்டியில் நேரம் குறிக்க முன்வரும் பெற்றோருக்குத் தாராளமாகப் போதும். நூறில் ஒரு வினாடி வரை காட்டுகிறது. ஃபோனை நம்ப வேண்டாம். ஈர விரலுக்குத் திரை மசியாது.

பெரிய குறை, இடைநேரம் பார்க்க உதவும் லேப் பொத்தான். ஓடும்போது அது அழுந்தினால் திரை அப்படியே நின்றுவிடும், உள்ளே நேரம் ஓடிக்கொண்டிருக்கும். புதியவர் பதறிப்போய் எதையாவது அழுத்தி நேரத்தையே கெடுத்துவிடுவார். அதனால் போட்டிக்கு முன் பத்து முறையாவது அழுத்திப் பழகட்டும், கட்டைவிரலால் அல்ல, ஆள்காட்டி விரலால்.

தொடக்கத்தில் சத்தத்துக்குக் காத்திருக்காமல் தொடக்கக் கருவியின் விளக்கு மின்னுவதைப் பார்த்து அழுத்துங்கள். 50 மீட்டர் தள்ளி நின்றால் சத்தம் வந்துசேரவே ஏறக்குறைய 0.15 வினாடி ஆகிவிடும். சிறுவர் பந்தயத்தில் அது ஒரு பதக்கத்தின் தூரம்! முடிவில் சுவருக்கு நேர் மேலே குனிந்து, கை தொடுவதைக் கண்ணால் பார்த்தே நிறுத்துங்கள்.

எட்டுத் தடத்துக்கு, தடத்துக்கு மூன்று வீதம் 24 வேண்டும். தலைமை நேரக்காப்பாளரிடம் ஓடும் நிலையில் இன்னும் 2. யாருடையதாவது மக்கர் செய்தால் உடனே மாற்றிக் கொடுக்கலாம். மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் அதுவே நேரம், மூன்றும் வேறானால் நடுவிலுள்ளது.

நீர்புகாதது அல்ல. மாற்று பட்டன் செல்கள் கையிருப்பில் இருக்கட்டும்.