அம்மாவோட வாக்கர்: ஆறு மாசம் யூஸ் பண்ணதுக்கு அப்புறம் எழுதுறேன்

வயசானவங்களுக்கு வாக்கர் வாங்கணும்னு தேடுறவங்களுக்கு உதவும்னு எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க. முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், எந்த கம்பெனி நல்ல கம்பெனிங்கறதெல்லாம் அப்புறம், யாருக்கு வாங்குறீங்களோ அவங்கள நேரா நிக்க வெச்சு, கைய தொங்க விடச் சொல்லி, மணிக்கட்டுல மடிப்பு இருக்குல்ல அதுலேந்து தரை வரைக்கும் டேப் வெச்சு அளந்துட்டு அப்புறம் கடைக்கு போங்க. செருப்பு போட்டு நடக்கிறவங்கன்னா செருப்போட அளங்க. நான் அளக்காம வாங்கினேன், பத்து நாள் அம்மா கஷ்டப்பட்டாங்க.

அம்மாவுக்கு 76 வயசு. கும்பகோணம் பக்கத்துல கிராமம், அப்பா போனதுக்கு அப்புறம் தனியாத்தான் இருக்காங்க, நான் டவுன்ல இருக்கேன், பஸ்ல இருபது நிமிஷம். போன ஐப்பசில மழை விடாம பெஞ்ச ஒரு ராத்திரி மூணு மணிக்கு பாத்ரூம் போக எந்திரிச்சவங்க கொல்லைப்படியில விழுந்துட்டாங்க. இடுப்பு எலும்பு முறிஞ்சு, ஆபரேஷன் பண்ணி பந்து மூட்ட மாத்தி வெச்சாங்க. டிஸ்சார்ஜ் அன்னிக்கு குத்த வெச்சு உக்காரக்கூடாது, சம்மணம் போடக்கூடாது, கால் மேல கால் போடக்கூடாது, தாழ்வான சேர்ல உக்காரக்கூடாது, வீட்டுக்கு ஒரு வாக்கர் வாங்கிக்குங்கன்னு சொல்லி அனுப்பினாங்க. என்ன உயரம்னு யாரும் சொல்லல, எனக்கும் கேக்கணும்னு தோணல. வாக்கர்னா எல்லாம் ஒண்ணுதான்னு நெனச்சுட்டேன்.

அன்னிக்கு ராத்திரியே போன்ல தேடி, நல்ல ஸ்டார் இருந்த ஒண்ண ஆர்டர் போட்டேன், ரெண்டு நாள்ல வந்துடுச்சு. பாக்க பளபளன்னு இருந்துச்சு, மடக்கினா கட்டிலுக்கு அடியில போயிடும், அலுமினியம் வெயிட்டும் கம்மி. ஆனா அம்மா அத புடிச்சு நின்னப்போ ரெண்டு தோளும் காதுகிட்ட ஏறிடுச்சு. கால்ல இருக்க பட்டன அமுக்கி கடைசி ஓட்டை வரைக்கும் இறக்கிப் பார்த்தேன், அதுக்கு மேல இறங்கல. அளந்தா 32 இன்ச். அம்மா உயரம் நாலடி பத்து, மணிக்கட்டு 28 இன்ச்லதான் வருது. வாக்கர்ங்கறது கையால கீழ அமுக்கி உடம்பு பாரத்த அதுல போடத்தான், முழங்கை லேசா மடங்கி இருந்தாதான் அமுக்க வரும். அம்மா கை பஸ்ல மேல இருக்க கம்பிய எட்டிப் புடிச்ச மாதிரி மேல தூக்கி இருந்துச்சு, பாரம் பூரா ஆபரேஷன் பண்ண கால்லயே விழுந்துச்சு. பத்து நாள் கழுத்து வலி, தோள் வலின்னு சொல்லிட்டே இருந்தாங்க, நான் ஆபரேஷன் பண்ண உடம்பு அப்படித்தான் இருக்கும்னு தைலம் தேச்சு விட்டுட்டு இருந்தேன். இப்ப நெனச்சாலும் மனசு கஷ்டமா இருக்கு. பெட்டிய பிரிச்சுட்டீங்க, எடுத்துக்க மாட்டோம்னு அந்த கம்பெனிக்காரங்க சொல்லிட்டாங்க, பரண்ல தூக்கிப் போட்டாச்சு.

எனக்கு கண்ண தொறந்து விட்டது வீட்டுக்கு வந்த பிசியோதெரபி பொண்ணுதான். மக்களைத் தேடி மருத்துவம்னு 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சாங்கல்ல, அதுல பிரஷர் சுகர் மாத்திரை மட்டும்தான் வீட்டுக்கு வரும்னு நெனச்சிருந்தேன், நடக்க முடியாதவங்களுக்கு பிசியோதெரபியும் வீட்டுக்கே வந்து பண்றாங்க. மாத்திரை கொடுக்க வர்ற அக்காகிட்ட சொல்லி வெச்சோம், அந்த பொண்ணு வந்துச்சு. வந்து வாசல்ல நின்னு அம்மா நடக்கறத பார்த்த உடனே "யாருக்கு வாங்கினதும்மா இது?"ன்னுதான் முதல்ல கேட்டுச்சு. அப்புறம் பையிலேந்து டேப் எடுத்து அளந்து, ஒரு துண்டு பேப்பர்ல 28ன்னு எழுதி என் கையில கொடுத்து, சின்ன சைஸ்னு கேட்டு வாங்குங்க, பெரியாஸ்பத்திரி பக்கத்து சர்ஜிக்கல் கடைங்கள்ல இருக்கும்னு சொல்லுச்சு.

அப்படி வாங்கினதுதான் இப்ப நான் எழுதுற வாக்கர். 1,450 ரூபா. சின்ன சைஸ், 27லேந்து 31 இன்ச் வரைக்கும் ஒவ்வொரு இன்ச்சா ஏத்தி இறக்கலாம், சக்கரம் இல்லாதது. கடைக்காரர் வயசான மனுஷர், பட்டன் நாலும் ஓட்டைக்கு வெளிய முழுசா வந்திருக்கான்னு ஒவ்வொண்ணா விரலால தடவிப் பார்த்துட்டுதான் கொடுத்தாரு, ஒரு கால்ல பட்டன் அரைகுறையா நின்னா அழுத்தும்போது சரக்குன்னு இறங்கிடுமாம். நானும் இப்ப வாரத்துக்கு ஒரு தடவ அதே மாதிரி தடவிப் பார்க்கறேன்.

வந்த அன்னிக்கே வித்தியாசம் தெரிஞ்சுது. தோள் கீழ இறங்கிடுச்சு, அம்மா முகத்துலயே தெரிஞ்சுது. ஆனா நடக்குற முறை இருக்கு, அதையும் அந்த பொண்ணுதான் கத்துக்கொடுத்துச்சு: முதல்ல வாக்கர், நாலு காலும் தரையில உக்காந்தப்புறம் ஆபரேஷன் பண்ண கால், அப்புறம் நல்ல கால். வாக்கர ரொம்ப முன்னாடி தள்ளி வெச்சுட்டு எட்டிப் போகக்கூடாது. சேர்லேந்து எந்திரிக்கும்போது வாக்கர புடிச்சு இழுத்து எந்திரிக்கக்கூடாது, அது நம்ம மேலயே சாயும், சேர் கைப்பிடிய அமுக்கி எந்திரிச்சு நின்னுட்டு அப்புறம்தான் வாக்கர புடிக்கணும். எங்க வீட்ல இருந்தது கைப்பிடி இல்லாத பிளாஸ்டிக் சேர், அத தூக்கி உள்ள போட்டுட்டு அப்பாவோட பழைய மரச்சேர வெளிய எடுத்தோம், உயரமும் சரியா இருந்துச்சு.

சென்னையில இருக்க தம்பி போன்ல தினமும் ஒரே பாட்டு, "அக்கா, ஆள் போட்டுடலாம், அம்மா எதுக்கு நடந்து கஷ்டப்படணும், கட்டில்லயே இருக்கட்டும், எல்லாம் கையில கொடுத்துடலாம்." அவன் பாசத்துலதான் சொல்றான், தெரியும். ஆனா படுக்கவெச்சு பாத்துக்கறது பாத்துக்கறது இல்ல, இத நான் அடிச்சு சொல்லுவேன். பதினஞ்சு நாள் படுத்திருந்ததுல அம்மா தொடை எப்படி மெலிஞ்சு போச்சுன்னு புடவை கட்டிவிட்ட எனக்குத்தான் தெரியும். பிசியோ பொண்ணு ஒரு டெஸ்ட் வெச்சுது, கைய மார்புல கட்டிக்கிட்டு சேர்லேந்து 30 செகண்ட்ல எத்தன தடவ எந்திரிச்சு உக்கார முடியுதுன்னு. அம்மா வயசு பொம்பளைங்களுக்கு பத்துக்கு கம்மியா வந்தா விழுற ரிஸ்க் இருக்குன்னு கணக்காம். முதல் தடவ அம்மாவால ஒண்ணுகூட முடியல. தினமும் காலையில சாயங்காலம் கைப்பிடிய புடிச்சு பத்து, புடிக்காம முடிஞ்ச வரைக்கும்னு செஞ்சு செஞ்சு இப்ப எட்டு வருது. முட்டை, பருப்பு, சுண்டல்னு தினம் ஏதாவது ஒண்ணு கட்டாயம்னு வெச்சிருக்கோம், சதை திரும்பணும்னா கஞ்சி மட்டும் குடிச்சா ஆகாதுல்ல.

வாக்கர்ல என்னென்ன குறைன்னும் சொல்லணும். அகலம் 22 இன்ச், எங்க பாத்ரூம் கதவு பழைய கதவு, 23தான் இருக்கு, நிலைப்படி வேற உயரம். நேரா போனா இடிக்குது. கொத்தனார கூப்பிட்டு நிலைப்படிய ஒட்டி சின்ன சரிவு போட்டு, கதவ வெளிப்பக்கமா தொறக்குற மாதிரி மாத்தினோம். வெளிப்பக்கம் தொறக்குறது இன்னொரு விதத்துலயும் நல்லது, உள்ள விழுந்து கிடந்தா கதவ தள்ளி உள்ள போக முடியாம நின்னுடுவோம். அதனால வாக்கர் வாங்குறதுக்கு முன்னாடி வீட்ல எல்லா கதவையும் அளந்துடுங்க.

அடுத்தது கால் அடியில இருக்க ரப்பர் புஷ். இத யாரும் கவனிக்கறது இல்ல. எங்க முற்றம் சிமெண்ட் தரை, மூணே மாசத்துல புஷ்ல இருக்க வரி பூரா தேஞ்சு மழமழன்னு ஆயிடுச்சு, ஒரு நாள் அம்மா "பாப்பா, இது வழுக்குற மாதிரி இருக்கு"ன்னு சொன்னப்புறம்தான் கவுத்துப் பார்த்தேன். நாலு புஷ் மாத்த 160 ரூபா, அதே கடையில. ஒரு செட் எக்ஸ்ட்ரா வாங்கி வெச்சுக்குங்க.

இன்னொண்ணு, ரெண்டு கையும் வாக்கர்லயே இருக்கறதால எதையும் கையில எடுத்துட்டு போக முடியாது. அம்மாவுக்கு இதுதான் ரொம்ப வருத்தமா இருந்துச்சு. காபிய தானா போட்டுக்கறாங்க, ஆனா டம்ளர தூக்கிட்டு திண்ணைக்கு போக முடியல, யாராவது எடுத்துட்டு வரணும்னு காத்திருக்கணும். அம்மாவே ஒரு வழி கண்டுபுடிச்சாங்க, பழைய மஞ்சப்பைய வெட்டி ரெண்டு அறை வெச்சு தெச்சு முன்னாடி குறுக்குக் கம்பில நாடாவால கட்டிக்கிட்டாங்க. ஒரு அறையில செல்போன், கண்ணாடி, கைக்குட்டை, இன்னொரு அறையில மூடி இறுக்கமா இருக்க சின்ன பிளாஸ்க். காபிய பிளாஸ்க்ல ஊத்திக்கிட்டு, ஒவ்வொரு அடியா வெச்சு திண்ணைக்கு போய், அங்க வெச்சிருக்க டம்ளர்ல தானே ஊத்திக் குடிச்ச அன்னிக்கு நான் அடுப்பங்கரை வாசல்லயே நின்னு பாத்துட்டு இருந்தேன். கூட போகல, போகணும்னு கால் துடிச்சுது. வெயிட்டான சாமான் மட்டும் பையில போடாதீங்க, வாக்கர் முன்னாடி சாயும்.

பாத்ரூமுக்கு வாங்கினதையும் சேத்து சொல்லிடுறேன். எங்களுது இந்தியன் டாய்லெட், குத்த வெச்சு உக்காரக்கூடாதுன்னு சொல்லிட்டதால அது மேல போடுற நாலு கால் கம்மோட் ஸ்டூல் வாங்கினோம். முதல்ல வாங்கினது பெயிண்ட் அடிச்ச இரும்பு, ரெண்டு மாசத்துல கால் கிட்ட துருப்புடிச்சு உப்பிடுச்சு. காசு கூட ஆனாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே வாங்குங்க, ரெண்டு பக்கமும் கைப்பிடி இருக்கணும். அப்புறம் சுவத்துல ஒட்டுற ரப்பர் கப் வெச்ச கைப்பிடி ஒண்ணு விக்குறாங்க, ஆணி அடிக்க வேணாம்னு. வாங்கி டைல்ஸ்ல ஒட்டிட்டு நானே தொங்கிப் பார்த்தேன், முதல்ல நின்னுச்சு, மறுநாள் காலையில தொட்டதும் கையோட வந்துடுச்சு. தயவுசெஞ்சு அத வாங்காதீங்க. துண்டு போடுற கம்பியும் ஆள் பாரம் தாங்காது, அம்மா இத்தன வருஷமா அதத்தான் புடிச்சுட்டு இருந்திருக்காங்க. செங்கல்ல டிரில் போட்டு போல்ட் வெச்சு முடுக்கின ஸ்டீல் கம்பிதான் நிக்கும்.

வாக்கர் வாங்கியாச்சு, இனி விழ மாட்டாங்கன்னும் நெனச்சுடாதீங்க. அம்மா ஏன் விழுந்தாங்கன்னே எங்களுக்கு ரொம்ப லேட்டாதான் தெரிஞ்சுது, ஈரப்படில வழுக்கிட்டாங்கன்னே நெனச்சுட்டு இருந்தோம். "எந்திரிச்சதும் கண்ணு இருட்டுச்சு"ன்னு அம்மா ஒரு நாள் பேச்சுவாக்குல சொன்னத டாக்டர்கிட்ட போய் சொன்னப்புறம், படுக்க வெச்சு ஒரு தடவ, நிக்க வெச்சு ஒரு தடவ பிரஷர் பார்த்தாரு. நின்ன உடனே மேல் பிரஷர் 20க்கு மேல குறைஞ்சுது. மாத்திரைய மாத்திக் கொடுத்தாரு. இப்ப ராத்திரி எந்திரிச்சா கட்டில் ஓரத்துல ஒரு நிமிஷம் உக்காந்து, பாதத்த மேலயும் கீழயும் ஆட்டிட்டுதான் நிக்கணும்னு பழக்கம் பண்ணியிருக்கோம். ஆள் நடமாட்டம் தெரிஞ்சா தானா எரியுற லைட் ரெண்டு, கட்டில்கிட்ட ஒண்ணு, கொல்லைப்படிகிட்ட ஒண்ணு.

காசு இல்லன்னு வாங்காம விட்டுடாதீங்க. ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனான்னு 2017லேந்து மத்திய அரசு திட்டம் இருக்கு, 60 வயசு ஆனவங்க, வறுமைக் கோட்டுக்கு கீழ இருக்கவங்க, இல்ல மாச வருமானம் 15,000க்கு மேல போகாதவங்களுக்கு வாக்கர், கைத்தடி, வீல்சேர், காது மிஷின், கண்ணாடி, பல்செட் எல்லாம் இலவசமா தர்றாங்க, அலிம்கோங்கற, இந்த மாதிரி உதவிக் கருவி செய்யுற மத்திய அரசு கம்பெனி மூலமா கேம்ப் போட்டு ஆள பார்த்துக் கொடுப்பாங்க. விவரம் கேக்க பெரியவங்களுக்கான எல்டர்லைன் 14567, காலையில எட்டுலேந்து ராத்திரி எட்டு வரைக்கும், காசு கிடையாது. அங்க வாங்கினாலும் டேப்ப எடுத்துட்டு போங்க.

ஸ்டார் கொடுக்கணும்னா இந்த சின்ன சைஸ் வாக்கருக்கு அஞ்சுக்கு நாலு. புஷ் சீக்கிரம் தேயுறதுக்கும், கைப்பிடி பஞ்சு வேர்வையில பிசுபிசுங்கறதுக்கும் ஒண்ணு குறைச்சுட்டேன், நாங்க பழைய காட்டன் துணி சுத்தியிருக்கோம்.

போன மாசத்துலேந்து அம்மா வீட்டுக்குள்ள கைத்தடிதான், அது ஆபரேஷன் பண்ண காலுக்கு எதிர்ப்பக்க கையில புடிக்கணும், வலிக்குற பக்கமே புடிக்கறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. வாக்கர் இப்ப தெருவுக்கும் கோயிலுக்கும் மட்டும். எதிர்வீட்டு வாத்தியார் ஐயாவுக்கு முட்டி ஆபரேஷன், போன வாரம்தான் வீட்டுக்கு வந்தாரு. "நம்ம வாக்கர கொடுத்துடு பாப்பா, எனக்கு தடி போதும்"னு அம்மா சொன்னாங்க. நான் டேப் எடுத்துட்டு போய் அளந்தேன், அவரு நல்ல உயரம், மணிக்கட்டு 34 இன்ச், நம்மளுது 31க்கு மேல ஏறாது. வீட்டுக்கு திரும்பி வந்து பரண்ல ஏறி, தூசி தட்டி, அந்த முதல் வாக்கர எடுத்து ரெண்டு ஓட்டை ஏத்தி வெச்சோம், பட்டன் நாலையும் அம்மாதான் விரலால தடவிப் பார்த்தாங்க. அவருக்கு கணக்கா சரியா இருந்துச்சு.