நெருப்பைக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது: கதையா, முக்கோணமா, மெழுகுவத்தியா?

"நாற்காலி மரத்தால செஞ்சது. நெருப்பு எதால செஞ்சது?" என்று ஆறு வயது மகள் கேட்டாள். இதே கேள்வியை மூன்று வருடம் முன்பு அவள் அண்ணனும் கேட்டிருந்தான். இருவருக்குமாக மூன்று வழிகளை முயன்று பார்த்துவிட்டேன். சொல்லும்போது மூன்றுமே சுலபம்தான். அடுத்த கேள்வி வரும்போதுதான் எது தாங்கும், எது சரியும் என்று தெரிகிறது.

முதலில் கதை. நெருப்பு ஒரு பசித்த பிராணி. விறகைத் தின்னும், காற்றைக் குடிக்கும், தண்ணீரைக் கண்டால் பயப்படும். நம் மொழியும் இதற்குத் தோதாக இருக்கிறது: தீ நாக்கை நீட்டுகிறது, குடிசை தீக்கு இரையாகிறது. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், குழந்தையும் ரசிக்கும். ஆனால் அன்று இரவே மகள், "அப்போ ஊதி அணைச்சா அது செத்துப்போச்சாம்மா?" என்றாள். இல்லை, அதற்கு உயிரே கிடையாது என்றேன். "உயிரே இல்லைன்னா எப்படித் தின்னும்?" கொடுத்த ஒவ்வொரு சொல்லையும் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. அதைவிடப் பெரிய சங்கடம், 'தின்னும்' என்றதும் விறகு இல்லாமலே போய்விடுகிறது என்று அவள் எடுத்துக்கொண்டதுதான். விறகின் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறிக் காற்றோடு போகிறது, சாம்பல் மட்டும் மிஞ்சுகிறது. கதைக்குள் இதைச் சொல்ல இடமே இல்லை.

அடுத்தது முக்கோணம்: எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம். மூன்றில் ஒன்றை எடுத்தால் தீ அணையும். தீயணைப்புப் பயிற்சிகளில் சொல்லித் தருவதும் இதுதான். அணைப்பதைப் பற்றிப் பேச இதைவிட நல்ல வழி இல்லை. மகனுக்கு உடனே பிடிபட்டது. ஆனால் தீ மூள என்னென்ன வேண்டும் என்ற சாமான் பட்டியலோடு இது நின்றுவிடுகிறது. சுடர் என்றால் என்ன என்று கேட்டால் கையை விரிக்கிறது. அமெரிக்க நடிகர் ஆலன் ஆல்டா தன் 11 வயதில் ஆசிரியையிடம் இதைக் கேட்டாராம். கிடைத்த பதில் 'ஆக்சிஜனேற்றம்' என்ற ஒற்றைச் சொல். அந்தக் குறையை மறக்காமல் 2012இல் விஞ்ஞானிகளுக்கு ஒரு போட்டியே வைத்தார்: 11 வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி சுடரை விளக்க வேண்டும், நடுவர்களும் அந்த வயதுப் பிள்ளைகளே. முக்கோணத்தை வரைந்துவிட்டு விளக்கிவிட்டதாக நானும் கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் நான் தங்கியது மெழுகுவத்தியில். 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே இளையவர்களுக்கு ஆறு சொற்பொழிவுகளை இந்த ஒரு பொருளை வைத்தே நடத்தினார். எனக்கு அரை மணி நேரம் போதுமாக இருந்தது.

வத்தியை ஏற்றி, திரியைச் சுற்றி மெழுகு குளமாகத் தேங்கும்வரை விடுங்கள். "இதுல எது எரியுது?" என்று கேளுங்கள். "திரி" என்றுதான் பதில் வரும். இப்போது ஊதி அணையுங்கள். வெள்ளை நூல்போல ஒரு புகை எழும். தாமதிக்காமல், எரியும் தீக்குச்சியைத் திரியில் படாமல் இரண்டு விரற்கடை மேலே அந்தப் புகைக்குள் நீட்டுங்கள். தீ புகை வழியாகக் கீழே இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். "குதிச்சுது!" என்று கத்தினாள். அன்று பதினோரு தடவை செய்ய வைத்தாள். நெருப்பில்லாமல் புகையாது என்று கேட்டே வளர்ந்தவள் நான். புகையே நெருப்பு வாங்குவதைப் பார்த்தது எனக்கும் அன்றுதான். காற்றோட்டமுள்ள அறையில் இது நடக்காது, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

அந்த வெள்ளைப் புகையும் மெழுகுதான், ஆவியாகிக் குளிர்ந்த பொடித் துளிகள். ஆக மெழுகு உருகி, திரியில் ஏறி, ஆவியாகி, அந்த ஆவி எரிகிறது. ஆவி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும்போது நடக்கும் ஒரு காரியத்துக்குத்தான் நெருப்பு என்று பெயர், அது தனியாக ஒரு பொருள் கிடையாது என்றேன். "அப்போ அணைஞ்சதும் எங்க போச்சு?" என்றாள். "நீ ஓடி நின்னதும் உன் ஓட்டம் எங்க போச்சு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஓடிப் பார்த்து நின்றாள்.

அப்புறம் குளிர்ந்த கண்ணாடி டம்ளரைச் சுடருக்கு மேலே கவிழ்த்துப் பிடித்தேன்; உள்ளே பனி படர்ந்தது. எரிவதில் தண்ணீர் உண்டாகிறது என்பதை எந்தக் கதையும் இப்படிக் காட்டாது. ஒரு கரண்டியை மஞ்சள் பகுதியில் நுழைத்தால் கரி படியும். அந்தக் கரித் துகள்கள் சூட்டில் ஒளிர்வதுதான் மஞ்சள் நிறம். சுடர் ஏன் கூம்பாக நிற்கிறது என்றும் கேட்டாள். சூடான காற்று மேலே போகிறது, கீழிருந்து புதுக் காற்று வருகிறது. விண்வெளி ஓடத்தில் இந்த ஓட்டம் இல்லாததால் சுடர் உருண்டையாக, நீலமாக இருக்கும்.

என்னைப் பொறுத்தவரை இதுதான் தீர்மானித்தது: இதில் எதையும் நாளைக்குத் திரும்ப வாங்க வேண்டியதில்லை. ஆறு வயதில் சொன்னதன் மேலேயே பன்னிரண்டு வயதில் வேதியியலை அடுக்கலாம். பொய்யான விளக்கத்தைச் சொல்வது ஒரு நிமிட வேலை, அதைக் கழற்றுவதற்குத்தான் மாதக் கணக்காகிறது.

மெழுகுவத்தியிலும் அப்படி ஒரு குழி உண்டு, நானே விழுந்தேன். தண்ணீர்த் தட்டில் வத்தியை நிறுத்தி டம்ளரைக் கவிழ்த்தால் தீ அணையும், தண்ணீர் உள்ளே ஏறும். ஆக்சிஜன் தீர்ந்த இடத்தைத் தண்ணீர் நிரப்புகிறது என்று பள்ளியில் படித்ததை அப்படியே மகனிடம் ஒப்பித்திருந்தேன். உண்மையில் காற்றில் 21 சதவீதமாக இருக்கும் ஆக்சிஜன் 16 சதவீதத்தை ஒட்டிக் குறைந்ததுமே தீ அணைந்துவிடுகிறது. தண்ணீர் ஏறுவதற்குப் பெரும் காரணம், சூட்டில் விரிந்திருந்த காற்று குளிர்ந்து சுருங்குவது. "நீதானே தீர்ந்துபோச்சுன்னு சொன்னே?" என்று அவன் இன்னும் குத்திக்காட்டுகிறான்.

பாதுகாப்பு எல்லோருக்கும் தெரிந்ததே: தலைமுடியைக் கட்டுங்கள், பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும், தீக்குச்சி பெரியவர் கையில். ஐந்து வயதுக்குக் கீழே நான் முயன்றதில்லை. முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பிலும் செய்ததில்லை. பின்வரிசைக்குப் புகை தெரியுமா என்பதே சந்தேகம். எதையும் தொட்டுப் பார்க்கத் துடிக்கும் பிள்ளை என்றால் முதலில் முக்கோணத்தைச் சொல்லி, அணைக்கும் வழியைக் காட்டிவிட்டு வருவதுதான் சரி என்று தோன்றுகிறது.

மெழுகுவத்தி கைவிடும் இடமும் ஒன்று உண்டு. விறகு எரிந்து முடிந்ததும் சுடரே இல்லாமல் செக்கச்செவேலென்று கனலும் கங்கு. விறகிலிருந்து கிளம்பும் வாயுதான் சுடராக எரிகிறது. அது போனபின் மிஞ்சும் கரி ஆவியாகாமல் தன் மேற்பரப்பிலேயே எரிகிறது. படம் போட்டு இதைச் சொன்னேன். "அதுல புகைக்குள்ள குச்சி வைக்க முடியாதா?" என்று கேட்டுவிட்டு, மறுபடியும் மெழுகுவத்தியை எடுத்து வந்துவிட்டாள்.