மாத ஊசியா, சினைப்பை ஆபரேஷனா?

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்துப் பெண்கள் பலர் மார்பகப் புற்றுநோய்க்கு பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரத்துக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள். கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து அப்பாடா என்று உட்காரும்போது ஓ.பி.யில் அடுத்த பேச்சு வரும்: "ஓவரியை (சினைப்பையை) எடுத்துவிடலாமா?" அந்த ஆபரேஷனையும் அதற்கு மாற்றாகச் சொல்லப்படும் மாத ஊசியையும் இங்கே எடைபோட்டுப் பார்க்கிறோம்.

எதற்காக எடுக்கச் சொல்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். இரண்டு காரணம் உண்டு, பல இடங்களில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். கட்டி ஹார்மோன் பாசிட்டிவாக (ஹார்மோனால் வளரும் வகையாக) இருந்து மாதவிலக்கும் நிற்காதவர்களுக்கு, சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை நிறுத்த வேண்டும். இது சிகிச்சை. பி.ஆர்.சி.ஏ. மரபணுவில் பழுது இருப்பவர்களுக்கு சினைப்பையிலேயே புற்று வராமல் தடுக்க வேண்டும். இது தடுப்பு. முதல் காரணத்துக்கு ஊசி போதும், இரண்டாவதற்கு ஊசியால் பயனில்லை.

ஊசி என்றால் கோசெரலின் 3.6 மில்லிகிராம், 28 நாளுக்கு ஒருமுறை. இது திரவம் அல்ல. அரிசி மணி அளவுள்ள ஒரு துண்டை, தடித்த ஊசி வழியாக, தொப்புளுக்குக் கீழே தோலைப் பிடித்துத் தூக்கி உள்ளே தள்ளுவார்கள். அது அங்கேயே இருந்து மெல்லக் கரையும். மற்ற ஊசி போல நினைத்துக் காற்றை வெளியேற்ற பிஸ்டனை அழுத்தினால் மருந்துத் துண்டு இடம் மாறிவிடும். உள்ளூர் கிளினிக்கில் போட்டுக்கொள்வதானால் நர்ஸம்மாவுக்கு இதை முன்பே சொல்லிவிடுவது நல்லது. மருந்து வரும் அலுமினியப் பையை, ஊசி போடுவதற்குச் சற்று முன்தான் பிரிக்க வேண்டும்.

ஊசியில் பெரிய நன்மை, நிறுத்தினால் சினைப்பை திரும்ப வேலை செய்ய வாய்ப்புண்டு. முப்பதுகளில் இருப்பவருக்கும், மாதவிலக்கு நின்ற உடம்பைத் தாங்க முடிகிறதா என்று பார்க்க நினைப்பவருக்கும் இதுவே முதல் படி. குறை, தேதி தவறக்கூடாது. கேரளாவில் ஹர்த்தால் அறிவித்தால் அன்று பஸ் இருக்காது, அதனால் நாள் நெருங்கும்போதே ஊசியை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாம். 25 டிகிரிக்கு மேல் சூடேறாத இடம் வேண்டும். மேட (சித்திரை) மாதக் கோடையில் ஓட்டு வீட்டு அலமாரியை நம்ப வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாத்திரைகள் சினைப்பை வேலை செய்துகொண்டிருக்கும்போது பயன் தராது. அதைத் தூண்டிவிடவும் செய்யலாம். கீமோவால் விலக்கு நின்றதை நம்பி இந்த மாத்திரையைத் தனியாகத் தொடங்கக்கூடாது, சினைப்பை மறுபடி விழித்துக்கொள்ளலாம். ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது ரத்தக்கசிவு கண்டால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் ரத்தத்தில் எஸ்ட்ராடயால் (ஈஸ்ட்ரோஜன்) அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி மரபணு. 80 வயதுக்குள் சினைப்பைப் புற்று வருவது பி.ஆர்.சி.ஏ.1 பழுது உள்ளவர்களில் 100-க்குச் சுமார் 44 பேருக்கு, பி.ஆர்.சி.ஏ.2-வில் சுமார் 17 பேருக்கு. வருடாவருடம் ஸ்கேனும் சி.ஏ.125 என்ற ரத்தப் பரிசோதனையும் எடுத்துக் கண்காணிக்கலாமே என்று தோன்றும். பிரிட்டனில் பொதுவான 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பார்த்த ஆய்வின் முடிவு 2021-ல் வந்தது. அந்தப் பரிசோதனைகளால் இறப்பு குறையவில்லை. அதனால்தான் குழந்தைப் பேறு முடிந்தவர்களுக்கு பி.ஆர்.சி.ஏ.1 என்றால் 35-லிருந்து 40-க்குள்ளும், பி.ஆர்.சி.ஏ.2 என்றால் 40-லிருந்து 45-க்குள்ளும் எடுக்கச் சொல்கிறார்கள். அபாயம் பெருமளவு குறையும், முழுதாகப் போகாது. வயிற்று உள்ளுறையில் கொஞ்சம் மிஞ்சும். ரிப்போர்ட்டில் "பொருள் தெளியாத மாற்றம்" என்று மட்டும் வந்தால் அதை வைத்து ஆபரேஷனுக்குப் போக வேண்டாம். உறுதியான பழுது என்றால் நாகர்கோவிலில் இருக்கும் அக்காவுக்கும் நெய்யாற்றின்கரையில் கட்டிக்கொடுத்த தங்கைக்கும் அண்ணன் தம்பிக்கும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவர்களுக்கு அந்த ஒரு மாற்றத்தை மட்டும் தேடினால் போதும்.

ஆபரேஷன் பெரிய விஷயமல்ல. மயக்கம் கொடுத்து, வயிற்றில் வாயு நிரப்பி, மூன்று நான்கு சிறு துளை வழியாக எடுப்பார்கள். மறுநாள் வீடு. தோள்பட்டை வலிக்கும், அது வாயுவால், பயப்பட வேண்டாம். டமாக்சிஃபென் (ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் மாத்திரை) எடுப்பவர் ரத்தம் கட்டும் அபாயத்தை முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும். "கர்ப்பப்பையையும் சேர்த்து எடுத்திரலாம்" என்றால் காரணம் கேளுங்கள். எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் வாரி எடுக்கும் பழக்கம் நம் ஊரில் ரொம்பவே உண்டு.

பலர் கோட்டைவிடுவது, எடுத்த சதையை லேபுக்கு அனுப்பும் பாட்டிலில்தான். பி.ஆர்.சி.ஏ. பழுதால் வரும் சினைப்பைப் புற்று பெரும்பாலும் தொடங்குவது சினைப்பையில் அல்ல, கருக்குழாயின் விரல் போன்ற நுனியில். ஆகவே இரண்டு குழாயையும் முழுதாக எடுத்து, வயிற்றைக் கழுவிய நீரையும் சோதனைக்கு அனுப்ப வேண்டும். லேபுக்குப் போகும் சீட்டில் பி.ஆர்.சி.ஏ. என்று எழுதாவிட்டால் சாதாரண சதைபோல ஒன்றிரண்டு துண்டு மட்டும் வெட்டிப் பார்த்து "நார்மல்" என்று கொடுத்துவிடுவார்கள். நுனியை நீளவாக்கிலும் மற்ற பகுதியை 2–3 மில்லிமீட்டர் துண்டுகளாகவும் முழுக்கப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத புற்று சிலருக்கு இப்படித்தான் அகப்படுகிறது. அகப்பட்டால் அது தடுப்பு அல்ல, புதிய சிகிச்சையின் தொடக்கம்.

காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், "தடுப்பு" என்று எழுதினால் பணம் கிடைக்குமா என்று அட்மிஷனுக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளவும்.

எடுத்த பிறகு உடம்பு ஒரே நாளில் மாதவிலக்கு நின்ற நிலைக்குப் போகும். உடல் தகிப்பு, தூக்கமின்மை, பெண்ணுறுப்பு வறட்சி. மார்பகப் புற்று வந்தவர்களுக்கு இதற்கான ஈஸ்ட்ரோஜன் போன்ற ஹார்மோன் மாத்திரைகளை வழக்கமாகக் கொடுப்பதில்லை. அதே வகை மாத்திரையான டிபோலோன் நோயைத் திரும்ப வரவைக்கும் என்று சோதனையில் தெரிந்தது, யார் எழுதிக்கொடுத்தாலும் வேண்டாம். தகிப்புக்கு வென்லாஃபாக்ஸின் என்ற மனச்சோர்வு மாத்திரை உதவும். டமாக்சிஃபென் எடுப்பவர்களுக்கு அதே போன்ற பாராக்ஸெடின் ஆகாது, அது டமாக்சிஃபெனின் வேலையைக் குறைத்துவிடும். எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் ஆரம்பத்திலேயே எடுத்துவிட வேண்டும். எலும்பு தேய்வதைத் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோலெட்ரானிக் ஆசிட் 4 மில்லிகிராம் ஏற்றுவார்கள். பிடுங்க வேண்டிய சொத்தைப் பல் இருந்தால் அதற்கு முன்பே பிடுங்கி, புண் ஆறவிட்டுப் போகவும்.