இத்தாலியன் ஓபன்: சென்டர் கோர்ட்டை விடுங்கள், பியட்ராஞ்சேலியில் உட்காருங்கள்

மே மாதத்தில் ரோமுக்குப் போகிறவர்கள் கொலோசியத்துக்கு ஒரு நாள் ஒதுக்குவதுபோல இத்தாலியன் ஓபனுக்கும் ஒரு நாள் ஒதுக்கலாம். ஆண்கள், பெண்கள் இரண்டு பிரிவும் ஒரே வளாகத்தில், ஒரே சமயத்தில் நடக்கும் டென்னிஸ் போட்டி, ஆடுவது கிளே கோர்ட்டில், அதாவது செங்கல் பொடி பரப்பிய தரையில். ஆனால் இறுதிப்போட்டிதான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். என்னைக் கேட்டால் முதல் வாரம்தான் கொடுத்த காசுக்கு ஏற்றது. ஒற்றையரில் ஆண்கள், பெண்கள் இரண்டு பக்கமும் தலா 96 பேர், அதனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்.

வளாகத்துக்குள் விட்டு, இடம் குறிக்காத கோர்ட்டுகளில் உட்கார அனுமதிக்கும் கிரவுண்ட் டிக்கெட்டே போதும். பெரிய அரங்கமான சென்டர் கோர்ட்டில் மேலடுக்கில் உட்கார்ந்தால் பந்து மிளகு அளவுக்குத்தான் தெரியும், அதற்கு டிவியே தேவலை. நேராகப் பியட்ராஞ்சேலி கோர்ட்டுக்குப் போங்கள். தரைமட்டத்துக்குக் கீழே இறங்கும் பளிங்குப் படிகள், சுற்றிலும் 18 பளிங்குச் சிலைகள், அதற்கு மேலே குடைபோல விரிந்த பைன் மரங்கள். 1930களில், முசோலினி காலத்தில் கட்டியது. அவர் பெயர் பொறித்த கல்தூண் இன்னும் வளாகத்தில் நிற்கிறது, அதன் பக்கத்திலேயே ஜனங்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு போகிறார்கள்! 1957லும் 1961லும் இந்தப் போட்டியில் பட்டம் வென்ற இத்தாலிய வீரர் நிக்கோலா பியட்ராஞ்சேலியின் பெயரை 2006ல், அவர் உயிரோடு இருக்கும்போதே, இந்த கோர்ட்டுக்கு வைத்தார்கள்.

கீழ்ப்படியில் இடம் கிடைத்தால் ஆட்டமே வேறு. வீரர் சறுக்கி வரும் அந்தச் சர்ர் சத்தம் காதில் விழும், ராக்கெட்டால் ஷூவைத் தட்டிச் செங்கல் பொடியை உதிர்ப்பது தெரியும், இரண்டாவது செட்டுக்குள் வெள்ளை சாக்ஸ் கணுக்கால்வரை சிவந்துவிடும். செட் முடிந்ததும் பணியாளர்கள் ஒரு வலைப்பாயைத் தரைமேல் இழுத்துச் சமன் செய்து, கோடுகளைத் துடைப்பத்தால் பெருக்குவார்கள், அதையே நான் வாய் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

ஒரு குறை இருக்கிறது. 2025லிருந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பதை இயந்திரம் சொல்லிவிடுகிறது. பந்து பதிந்த தடத்தைப் பார்க்க நடுவர் நாற்காலியைவிட்டு இறங்கி வர, வீரர் ஒரு தடத்தைக் காட்ட, நடுவர் இன்னொன்றைக் காட்ட, அரங்கமே கூச்சல் போடும் அந்தக் கூத்து போய்விட்டது. துல்லியம் கூடியிருக்கலாம், சரி, ஆனால் செம்மண் ஆட்டத்தின் பாதிச் சுவை அதில்தான் இருந்தது. பாரிஸில் நடக்கும் பிரெஞ்ச் ஓபனில் இன்னும் அதை விடவில்லை.

உள்ளூர்க்காரர் ஆடினால் கூட்டம் தாங்காது. 2025ல் இத்தாலிய வீராங்கனை பவோலினி ஒற்றையர், இரட்டையர் இரண்டையும் வென்றார், இத்தாலிய வீரர் சின்னர் இறுதிவரை வந்து ஸ்பெயினின் அல்கராஸிடம் தோற்றார். அதற்கப்புறம் கேட்கவே வேண்டாம். இத்தாலியர் ஆட்டம் என்றால் அதற்கு முந்தைய ஆட்டத்திலேயே போய் இடம் பிடித்துவிட்டு எழுந்திருக்காதீர்கள்.

பளிங்குப் படி மதிய வெயிலில் சுடும், நிழலும் கிடையாது. தொப்பி, உட்கார ஒரு துண்டு, தண்ணீர் மூன்றும் கட்டாயம். மழையையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், 2023ல் பெண்கள் இறுதிப்போட்டியே மழையால் தள்ளிப்போய் நள்ளிரவுவரை நீண்டது. மெட்ரோ வாசல்வரை வராது. ஒத்தாவியானோவில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும், ஆட்டம் முடிந்து திரும்பும்போது அந்த பஸ்ஸில் ஏறுவதற்குத் தனித் தெம்பு வேண்டும்.