நாற்பது வெபரோடு நாலு வருஷம்

2021 கடைசியில் என்னுடைய டொயோட்டா கே.ஈ.70 கொரோலா காருக்கு வெபர் 40 டிசிஓஇ காபரேட்டர் ஒன்றைப் பூட்டினேன். 4கே எஞ்சின், 1290 சிசி. பழைய காபரேட்டரின் அச்சு தேய்ந்து காற்று இழுத்துக்கொண்டிருந்தது, எதையாவது மாற்றியே ஆக வேண்டிய நிலை. வெபரின் 32/36 டிஜிவி காபரேட்டரே போதும் என்று தெரிந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும் அந்த இரண்டு புனல்களைப் பார்த்து மயங்கிவிட்டேன்.

வாங்கும்போது உள்ளே 34 சோக் இருந்தது. காலையில் இழுக்கிற சோக்கைச் சொல்லவில்லை. காற்று போகும் வழியை ஒடுக்குகிற வளையத்துக்கும் அதே பெயர்தான். 40 என்பது திரொட்டில் தட்டு, அதாவது காலை மிதித்தால் திறக்கிற தட்டு, இருக்கும் துளையின் அளவு. எஞ்சினுக்கு உறைப்பதோ சோக்கின் அளவு. 34 உடன் 4000 ஆர்பிஎம்முக்கு மேலே கார் பறந்தது. அதற்குக் கீழே, அதாவது கொழும்பில் நான் ஓட்டுகிற முக்கால்வாசி நேரமும், காலை மிதித்தால் யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது.

கொட்டாஞ்சேனையில் என் காரைப் பார்க்கிற அண்ணர் பொனட்டைத் திறந்ததுமே சொன்னார்: “தம்பி, தண்ணிக் குழாய் வாயை விரலால அமத்தினாத்தானே தண்ணி பாயும்? இது திறந்து கிடக்கு.” சின்ன எஞ்சின், பெரிய சோக்; காற்று மெதுவாகப் போகிறது, பெற்றோலை இழுக்க அதற்குத் திராணியில்லை. 30 சோக் போட்டோம். ஜெட் என்பது நடுவில் நுண்ணிய துளை உள்ள சின்னத் திருகு. சோக்கை நாலால் பெருக்கினால் பெற்றோலை அளந்து விடுகிற மெயின் ஜெட்டின் அளவு கிட்டத்தட்ட வரும் என்பது பழைய கணக்கு, 120. அந்தப் பெற்றோலோடு காற்றைக் கலக்கிற ஏயார் ஜெட் அதைவிட ஐம்பது கூட, 170. கார் உயிர் பெற்றது.

ஆனாலும் ஒரு திக்கல் மிச்சம் இருந்தது. பம்பலப்பிட்டி சிக்னலில் இருந்து மெதுவாகக் கிளம்பி 2000 ஆர்பிஎம்மைத் தாண்டும்போது ஒரு கணம் மூச்சு நின்று, பிறகு வரும். மூன்று மாதம் மெயின் ஜெட்டாக வாங்கித் தள்ளினேன். 115, 125, 130. பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் வாங்கிய இரண்டு ஜெட்டிலும் 125 என்றே குத்தியிருந்தது, துளை மட்டும் ஒன்றுக்கு ஒன்று வேறு. காசும் போனது. கடைசியில் பார்த்தால் மெயினுக்கும் அந்தத் திக்கலுக்கும் சம்பந்தமே இல்லை. ஏறக்குறைய 3000 வரை, கால் இலேசாக இருக்கும்போது, எஞ்சின் குடிப்பது ஐடில் ஜெட் என்கிற இன்னொரு சின்ன ஜெட் வழியாகத்தான். 45எஃப்9 ஐடில் ஜெட்டைக் கழற்றிவிட்டு ஒரு படி பெரிய 50எஃப்9 போட்டேன். மேலே உள்ள வட்ட மூடியின் வண்ணத்திப் பூச்சி நட்டைக் கையாலேயே கழற்றலாம். ஐந்து நிமிட வேலை. திக்கல் போய்விட்டது. வெள்ளவத்தைக்கும் கோட்டைக்கும் இடையில் ஓடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது ஐடில் ஜெட்டைத்தான், இதை நான் யாரோடும் சண்டை பிடித்துச் சொல்வேன்.

பெற்றோல் செலவு? 34 சோக் காலத்தில் லீற்றருக்கு 8 கிலோமீற்றர். 2022 இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் கோட்டைக் காட்டினால் கிழமைக்கு 20 லீற்றர் மட்டும் தந்த நாட்களில் அது என்ன பாடு என்று கேட்காதீர்கள். இப்போது 10, சில நாள் 11. எலெக்ட்ரிக் பம்ப் பூட்டியவர்கள் அழுத்தத்தையும் பாருங்கள். என்னுடையது 5 பிஎஸ்ஐ தள்ளி, பெற்றோல் வரத்தை அடைக்கிற மிதவை ஊசியைத் தூக்கி, புனல் வழியே பெற்றோல் சொட்டியது. அழுத்தத்தைக் குறைக்கிற ரெகுலேட்டர் வைத்து 3 க்கு இறக்கினேன்.

கட்டுகுருந்த ஓடுபாதையில் கால் மைல், அதாவது 402 மீற்றர், ஓடிப் பார்க்கும் ஆசை வந்தால் 34 சோக்கும் 135 மெயினும் திரும்ப ஏறும். அங்கே 4000 க்குக் கீழே யாருக்கு வேலை? ஆனால் சோக்கை மாற்றுவது ஜெட் மாற்றுவது போல அல்ல. புனலைக் கழற்றி, பூட்டுத் திருகாணியைத் தளர்த்தி, உள் வளையத்தை இழுத்து எடுக்க வேண்டும். வெயிலில் ஒரு மணித்தியாலம் போய்விடும். ஓடி முடிந்ததும் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பேன். கரி படிந்திருந்தால் மெயினை ஒரு படி குறைப்பேன், வெளிறி வெள்ளையாக இருந்தால் உடனே கூட்டுவேன்.

தீராத வியாதி சூடு. கே எஞ்சினில் சைலன்சர் குழாய் புறப்படுவதும் காபரேட்டர் உட்காருவதும் ஒரே பக்கம். இடையில் அலுமினியத் தகடு வைத்தேன், சூட்டைத் தடுக்கப் பேக்கலைட் துண்டும் வைத்தேன். அப்படியிருந்தும் மத்தியானத்தில் காலி வீதி நெரிசலில் ஊர்ந்து வந்து, கடையில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டுத் திரும்பினால் காபரேட்டரின் மிதவைக் கிண்ணத்துப் பெற்றோல் கொதித்து வழிந்து எஞ்சின் பெற்றோலில் மூழ்கியிருக்கும். பெடலை அடிவரை மிதித்துப் பிடித்து, விடாமல் ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். பக்கத்தில் நிற்கும் ஓட்டோக்காரர் சிரிப்பார்.