பால்வாடி, ஒண்ணாங்கிளாஸ் அட்மிஷன்: திருப்பூர் பக்கத்துல இருந்து ஒரு அம்மாவோட ரிவ்யூ

மார்க்கு முதல்லயே சொல்லிடறேன். எங்க ஊரு பஞ்சாயத்து யூனியன் தொடக்கப் பள்ளிக்கு, அட்மிஷன் போட்ட விதத்துக்கு அஞ்சுக்கு அஞ்சு, காலை சாப்பாட்டுக்கும் அஞ்சு, பாடம் நடத்தறதுக்கு நாலு, டாய்லெட்டுக்கு ரெண்டு. மூணு வயசு நாலு வயசு குழந்தைக்கு அந்த ஸ்கூல்ல என்ன இருக்குன்னு கேட்டா அதுக்கு மார்க்கே போட முடியாது, ஏன்னா ஒண்ணுமே இல்ல. அதைப்பத்தி கீழ விவரமா எழுதறேன்.

நாங்க இருக்கறது திருப்பூர் டவுனுக்கு வெளிய, வீட்டுக்காரரு பனியன் கம்பெனில டெய்லர், நான் வீட்டுலயே பீஸ் பிசிறு வெட்டற வேலை பண்றேன். பாப்பாவ ரெண்டரை வயசுல இருந்தே தெருமுனை பால்வாடிக்கு அனுப்பினோம். அங்க சத்துமாவு, மதியம் கலவை சாதம், வாரத்துல மூணு நாள் முட்டை, மாசாமாசம் எடை உயரம் பார்த்து கார்டுல எழுதித் தருவாங்க, இதுக்கெல்லாம் ஒத்த ரூபா வாங்க மாட்டாங்க. டீச்சரம்மா தங்கமான மனுஷி, ஆயாவும் அப்படித்தான், பசங்க தூங்கி எந்திரிச்சா முகம் கழுவி தலை வாரித்தான் அனுப்புவாங்க. ஆனா அந்த டீச்சருக்கு இருக்கற வேலைய பார்த்தா பாவமா இருக்கும். கர்ப்பிணிங்க கணக்கு, பால் குடுக்கற தாய்மார் கணக்கு, தடுப்பூசி நாள், போலியோ நாள், இதுக்கு மேல போஷன் டிராக்கர்னு போன்ல ஒரு ஆப், எல்லாத்தையும் அவங்களே ஏத்தணும். பாட்டு சொல்லிக் குடுத்துட்டு இருக்கறப்பவே போன் வரும், பாட்டு பாதியில நிக்கும். இதுல அவங்க மேல நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், ஒரே ஆளு தலையில இவ்வளவையும் கட்டினா அப்படித்தான் ஆகும்.

நாலு வயசாகறப்ப எங்க தெருவுல பாப்பா வயசுப் பசங்க எல்லாரும் மஞ்சள் வேன்ல ஏற ஆரம்பிச்சுட்டாங்க. மாமியாருக்கும் மனசு கேக்கல, ஒரு தடவை போய் பாரும்மான்னாங்க. போனோம். அந்த பிரைவேட் ஸ்கூல்ல பாப்பாவ உக்கார வச்சு ஏ பி சி டி சொல்லு, கலர் சொல்லுன்னு கேட்டாங்க, அவ புது ஆளப் பார்த்து வாயே திறக்கல. அப்பறம் எங்ககிட்ட நீங்க என்ன படிச்சிருக்கீங்க, வீட்டுல இங்கிலீஷ் பேசுவீங்களான்னு கேட்டாங்க. அட்மிஷனுக்கு குழந்தைக்கோ பெத்தவங்களுக்கோ டெஸ்ட் வைக்கக் கூடாதுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டத்துலயே இருக்கு, ஆனா எதிர்ல உக்காந்திருக்கறப்ப யாரு அதப் பேச முடியும். அதே சட்டத்துல பிரைவேட் ஸ்கூல்ல ஏழைப் பசங்களுக்குன்னு 25 பர்சன்ட் இலவச சீட் இருக்கேன்னு சிலர் கேப்பீங்க, வருஷ வருமானம் 2 லட்சத்துக்குள்ள இருக்கறவங்க ஆன்லைன்ல போடலாம், நல்ல திட்டம்தான், ஆனா 2025ல மத்திய அரசு பணம் குடுக்கலைங்கற பிரச்சனையில அது கோர்ட்டு வரைக்கும் போயி அக்டோபர்லதான் ஆரம்பிச்சது, அதுக்குள்ள பாதிப் பேரு நகைய வச்சு பீஸ் கட்டி முடிச்சுட்டாங்க.

சரி, இப்ப பஞ்சாயத்து யூனியன் தொடக்கப் பள்ளி. ஜூலை 31க்குள்ள 5 வயசு முடிஞ்சிருக்கணும், அதான் கணக்கு. இப்பல்லாம் மார்ச்லயே அட்மிஷன் போட ஆரம்பிச்சுடறாங்க. பிறப்புச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், ரெண்டு போட்டோ, ஜாதிச் சான்றிதழ் இருந்தா அது, ரத்த வகை. எச்.எம். டீச்சரே பாரத்த எழுதி, கம்ப்யூட்டர்ல எமிஸ்னு பசங்க விவரம் பதியற அரசாங்க தளத்துல ஏத்தி ஒரு நம்பர் குடுத்தாங்க, பன்னெண்டாவது வரைக்கும் அந்த நம்பர்தானாம். டொனேஷன் கிடையாது, பீஸ் கிடையாது, பாப்பாகிட்ட அவங்க கேட்டது ஒரே கேள்விதான், உன் பேரு என்ன சாமி.

நாங்க உக்காந்திருக்கறப்பவே ஒடிசாக்கார அம்மா ஒருத்தங்க வந்தாங்க, இடுப்புல கைக்குழந்தை, கையில ஒரு பையன். அவங்ககிட்ட பிறப்புச் சான்றிதழ் இல்ல, மடிச்சு மடிச்சு ஓரமெல்லாம் கிழிஞ்சுபோன தடுப்பூசி அட்டைதான் இருந்துச்சு. எச்.எம். அந்த அட்டைய மேஜை மேல நீவி விட்டு தேதியப் பார்த்து எழுதிக்கிட்டாங்க, அந்தம்மாகிட்ட ஒரு உறுதிமொழி வாங்கிக்கிட்டாங்க, பையன் அன்னைக்கே பெஞ்சுல உக்காந்துட்டான். வயசுக்கு பேப்பர் இல்லைன்னு எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்பக் கூடாதுன்னு சட்டம் இருக்கும்மா, அப்படின்னாங்க. எனக்கு அந்த ஸ்கூல் மேல மரியாதை வந்ததே அங்கதான்.

காலை உணவு பத்தி நெறைய பேரு சந்தேகமா கேக்கறாங்க. 2022 செப்டம்பர்ல மதுரையில ஆரம்பிச்சு 2023 ஆகஸ்ட்ல இருந்து தமிழ்நாடு முழுக்க அரசு தொடக்கப் பள்ளிக்கெல்லாம் வந்த திட்டம் அது. எங்க ஊர்ல மகளிர் குழு அக்காங்கதான் சமைக்கறாங்க. உப்புமா, கிச்சடி, பொங்கல் மாத்தி மாத்தி, தொட்டுக்க காய் போட்ட சாம்பார். வீட்டுல கேரட்ட பொறுக்கித் தட்டோரமா வைக்கறவ அங்க பக்கத்துல பத்துப் பசங்களோட உக்காந்து தட்ட வழிச்சு சாப்பிடறா. கம்பெனி ஷிப்டு எட்டரைக்குன்னா காலையில வீட்டுல அடுப்பு பத்த வைக்கறதே பெரும்பாடு, எங்கள மாதிரி குடும்பத்துக்கு இதோட அருமை தெரியும்.

பாடம் எண்ணும் எழுத்தும் முறைதான், 2022ல வந்தது. ஆட்டம், பாட்டு, கதை, பொம்மலாட்டம்னு ஓடுது, பயிற்சிப் புத்தகம் சும்மா தர்றாங்க. இங்கிலீஷ் மீடியமும் இருக்கு. ஒரு மார்க்கு ஏன் குறைச்சேன்னா, அஞ்சு கிளாஸுக்கும் சேர்த்து ரெண்டே டீச்சர், ஒருத்தங்க மீட்டிங் போனா மொத்தப் பள்ளிக்கூடமும் ஒருத்தங்க கையிலதான். டாய்லெட் கட்டடம் புதுசு, கழுவ தினமும் ஆள் வர்றதில்ல, பாப்பா அடக்கி வச்சு வீட்டுக்கு ஓடி வர்ற நாளும் உண்டு. இது கட்டாயம் சரி பண்ண வேண்டிய விஷயம்.

இப்ப முதல்ல சொன்ன மூணு நாலு வயசுப் பசங்க விஷயம், அதான் எல்கேஜி யூகேஜி. ரெண்டு டீச்சர்தான் ஏன்னு கேட்டா, பசங்க 60க்குள்ள இருந்தா ரெண்டு பேருதான் விதி. பசங்க ஏன் குறையறாங்கன்னா மூணு வயசுலயே எல்லாரும் வேன்ல ஏறிடறாங்க. எல்கேஜி யூகேஜி ரெண்டு வருஷம் ஒரு இடத்துல பழகின குழந்தைய ஒண்ணாங்கிளாஸுக்குப் பிரிச்சுக் கூட்டிட்டு வர எந்த அம்மா வருவா. அரசாங்கத்துக்கு இது தெரியாம இல்ல, 2019 ஜனவரில நடுநிலைப் பள்ளி வளாகத்துல இருக்கற 2,381 பால்வாடில எல்கேஜி யூகேஜி ஆரம்பிச்சாங்க. 2022ல அத நிறுத்தப் போறாங்கன்னு பேச்சு வந்து, பெத்தவங்க எதிர்த்ததும் தொடர்ந்து நடத்தறோம்னு சொல்லி மாசம் 5,000 ரூபா சம்பளத்துல தற்காலிக டீச்சர் போட்டாங்க. படிச்ச பொண்ணு 5,000க்கு எத்தனை நாள் நிப்பா, சொல்லுங்க. எங்க ஊரு மாதிரி அஞ்சாவது வரைக்கும் மட்டும் இருக்கற தொடக்கப் பள்ளிங்களுக்கு அதுவும் வரல. ஸ்கூலுக்கும் பால்வாடிக்கும் நடுவுல எங்க ஊர்ல ஒரு காம்பவுண்ட் சுவர்தான், அந்தப் பக்கம் ஒரு டீச்சர் போட்டா போதும், பாதி வேன் காலியா போகும்னு நான் நிச்சயமா நம்பறேன். பள்ளி மேலாண்மைக் குழுவுல இதையே தீர்மானமா எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கோம், டாய்லெட் கழுவ ஆள் வேணும்னும் சேர்த்து.

சேர்க்கப் போறவங்களுக்கு ரெண்டு விஷயம். பிறப்புச் சான்றிதழ்ல குழந்தை பேரு ஏறியிருக்கான்னு இப்பவே எடுத்துப் பாருங்க, ஆஸ்பத்திரில பொறந்தப்ப வாங்கினதுல நெறைய பேருக்கு அந்த இடம் வெறுமையாத்தான் இருக்கும், பேரு ஏத்த அலைஞ்சுட்டு மே மாசம் கஷ்டப்படாதீங்க. அஞ்சு வயசுக்கு முன்னாடி எடுத்த ஆதார்ல கைரேகை இருக்காது, 5 முடிஞ்சதும் அப்டேட் பண்ணணும், அதுக்குக் காசு வாங்கக் கூடாது. ஜூன்ல விட்டுப் போயிருந்தா விஜயதசமி அன்னைக்கும் சேர்க்கறாங்க, ஆபீஸ் ரூம் திறந்துதான் இருக்கும்.